கோட்டைப் புத்தகத்துக்கு அப்பா கொடுத்த இலக்கம்

போன மாதம் மாத்தளைக்குப் போயிருந்தபோது, வாசனைச் சரக்கு விற்கும் கடையொன்றில் ஒரு பழைய அலுமாரியைப் பார்த்தேன். அறுபது சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு பித்தளைச் சட்டம், அதன் கீழே விரல் மாட்டி இழுக்க ஒரு கொக்கி. என் வயதுக்காரர்களுக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை. நூல்நிலையத்துக்குள் நுழைந்ததும் நாம் முதலில் போய் நின்ற இடம் அது. அட்டைகளை விரலால் தள்ளிக்கொண்டே போவோம். நமக்கு வேண்டிய அட்டையின் மூலையில் ஓர் இலக்கம் இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு புத்தகம் அடுக்கிய இறாக்கைகளுக்கு நடப்போம்.

கடைப் பெண் அந்த இழுப்பறைகளில் ஏலம், கறுவா, சாதிபத்திரி என்று பிரித்து வைத்திருந்தாள். சட்டங்களில் புதிய துண்டுகள் செருகப்பட்டிருந்தன. ஒன்றில் மட்டும் பழைய துண்டு மிஞ்சியிருந்தது. பழுப்பேறிய தாளில், தட்டச்சில், 300–399. உள்ளே கராம்பு.

"அள்ளிப் பாருங்க மெடம், நல்லா காஞ்ச கராம்பு" என்றாள்.

நூறு கிராம் வாங்கினேன். இன்னும் பிரிக்கவில்லை. அந்தத் துண்டைத் தட்டச்சு செய்தவர் என் அப்பா. அவருடைய தட்டச்சு இயந்திரத்தில் 3 என்ற எண்ணின் மேல்வளைவு எப்போதும் தேய்ந்துதான் விழும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பதினொரு வயது. உக்குவளைப் பக்கம், மிளகு வியாபாரி ஒருவருடைய சரக்கறைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அவரை எல்லோரும் நானா என்பார்கள், நாங்களும் அப்படியே. முற்றம் முழுக்க அவருடைய சாக்குகள் விரிந்திருக்கும். மிளகு காயும் நாட்களில் வீட்டுக்குள்ளேயும் தும்மல்தான். பின்பக்கம் நான்கைந்து கொக்கோ மரங்கள், அதற்கப்பால் ஓடை.

அப்பா எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். எப்படியோ படித்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் மேல்மாடியில் இருந்த ஒரு சிறிய நூல்நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். அங்கே வேலை செய்த ஒரே தமிழர் அவர்தான். தமிழ்ப் புத்தகங்கள் நானூறுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அவை மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. எல்லாவற்றின் முதுகிலும் ஒரே இலக்கம்: 894.811. தமிழ் இலக்கியத்துக்கு உலக நூல்நிலையங்கள் கொடுத்திருக்கும் இலக்கம் அது. முன்பிருந்த நூலகருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தைக் கண்டால் அந்த இலக்கத்தை ஒட்டச் சொல்லிவிட்டார். கோழி வளர்ப்பு, நீரிழிவு, கிணறு வெட்டுவது, வீட்டுக்கு மின்கம்பி இழுப்பது எல்லாமே அங்கே இலக்கியமாக இருந்தன.

அந்த வருடம் புதிதாக ஒரு நூலகர் வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. ஒல்லியானவர், கழுத்தில் சங்கிலியில் கோர்த்த மூக்குக் கண்ணாடி. நாங்கள் மிஸ் என்றோம். வந்த முதல் வாரத்தில் அவர் கண்ணாடி அலுமாரியைத் திறக்கச் சொல்லி, ஒரு புத்தகத்தை எடுத்து அப்பாவிடம் காட்டி, இது எதைப் பற்றியது என்று சிங்களத்தில் கேட்டாராம். மாட்டுக்கு வரும் நோய்கள் என்றார் அப்பா. "அப்படியென்றால் இது ஏன் கவிதையோடு நிற்கிறது? மாடு வைத்திருக்கிறவன் இதை எப்படிக் கண்டுபிடிப்பான்?"

இந்தக் கேள்வியை அப்பா அன்று வீட்டில் மூன்று தடவை சொன்னார். தன்னிடம் அப்படி ஒருவர் கேட்பதற்காகவே பத்து வருடம் காத்திருந்தவர் போலச் சொன்னார்.

அதன் பிறகு ஐந்து மாதம் வீட்டில் இலக்கங்கள்தான் பேச்சு. அப்பா புத்தகங்களைத் துணிப்பையில் கொண்டுவருவார், சாப்பாட்டுக்கு முன் வாசிப்பார், பென்சிலால் முதல் பக்கத்தில் ஓர் இலக்கம் எழுதுவார். மறுநாள் மிஸ் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றோடு ஒப்பிட்டுச் சரி பார்ப்பார். பிறகு அந்தப் புத்தகம் கண்ணாடி அலுமாரிக்குத் திரும்பாது. மாட்டு நோய், சிங்கள மாட்டு நோய்க்கும் ஆங்கில மாட்டு நோய்க்கும் பக்கத்தில் போய் நிற்கும்.

அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"இந்தாங்க, இந்த நம்பர் பைத்தியத்துல என்னைய எங்க வப்பீங்க?"

"641. சமையல்."

"அப்ப துணி தொவைக்கிறது?"

"648."

"புள்ள வளக்கிறது?"

"649."

"ஒரு ஆள மூணு எடத்துலயும் வைக்க ஏலுமா?"

"ஏலாது. ஒரு பொஸ்தகத்துக்கு ஒரு எடந்தான்."

"அப்ப உங்க நம்பர்லதான் ஏதோ கோளாறு" என்று அம்மா சோற்றைப் போட்டார்.

அண்ணன் சிரித்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. டயர் கடையில் வேலை. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் கையில் இறப்பர் மணம் போகாது. மாலையானால் வொலிபோல். "எனக்கு என்னா நம்பருப்பா?" என்று கேட்டான்.

"ஒனக்கு நம்பர் இல்ல. நீ இன்னும் அச்சாகல" என்றார் அப்பா.

அண்ணன் வாசிக்கிற ஆள் இல்லை. இதில் அப்பாவுக்கு இருந்த வருத்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்குப் பதினெட்டானதும் முதல் வேலையாக அவன் பெயரில் நூல்நிலைய டிக்கெட் எடுத்தார். அந்த மண்ணிற அட்டை சாமி படத்துக்குப் பின்னால், புது மடிப்புக் குலையாமல், ஒரு வருடமாக இருந்தது.

ஒரு புத்தகம் மட்டும் இரண்டு நாள் வீட்டில் தங்கியது. பச்சைக் காலிகோ அட்டை. பழைய காலத்து அரசர்களின் கோட்டைகளையும் அவர்கள் போர் செய்த விதத்தையும் பற்றியது. தென்னிந்தியாவில் யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது. அப்பா முதலில் 954 என்று எழுதினார். அது இந்திய வரலாறு. பிறகு அழிப்பானால் அழித்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"இதுல யாரு ஜெயிச்சாங்க, யாரு தோத்தாங்கன்னு ஒண்ணுமே இல்ல" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "எப்படிக் கட்டுனாங்க, எப்படி அடிச்சாங்க, அவ்வளவுதான். இது வரலாறு இல்ல." பென்சிலால் 355 என்று எழுதினார். இராணுவம். மிஸ் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "மிகச் சரி" என்றாராம். வளர்ந்த பிறகு நானும் ஒருமுறை தேடிப் பார்த்தேன். சரிதான்.

அந்த இரண்டு நாளும் அப்பா கைகழுவப் போகும்போதெல்லாம் நான் அதைப் புரட்டினேன். தந்தத்தில் வாள் கட்டிய யானை. மதில் மேல் நின்று கல் எறியும் பொறி. மேலிருந்து பார்த்தது போல ஒரு கோட்டையின் வரைபடம்: வளையத்துக்குள் வளையம், நடுவில் ஒரு சதுரம், உள்ளே வரும் வழிகளுக்கு அம்புக்குறி. மூன்றாவது அத்தியாயம் முழுக்க அகழியைப் பற்றி. அதில் முதலைகளை வளர்த்தார்களாம். பட்டினி போட்டு வளர்த்தார்களாம். அந்த வரியில் இருக்கும்போது அப்பா வந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அண்ணனின் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். சிறுவர் டிக்கெட்டுக்குப் பெரியவர் புத்தகம் தரமாட்டார்கள். அப்பா உள்ளறையில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். இரவல் மேசையில் மிஸ் இருந்தார்.

"அய்யாட்ட, மிஸ்" என்றேன் சிங்களத்தில். அண்ணனுக்கு.

புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தாள் பை, அதற்குள் ஓர் அட்டை. வாங்குபவர் பெயரை அதில் எழுதுவது மிஸ் கொண்டுவந்த ஒழுங்கு. எந்தப் புத்தகத்தை யார் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே அடுத்த வருடம் அது போல வாங்கலாம் என்பார். அட்டையில் அதுவரை ஒரு பெயரும் இல்லை. அழகான கையெழுத்தில் அண்ணனின் பெயரை எழுதினார்.

இரண்டு கிழமை அந்தப் புத்தகம் என் பாய்க்கடியில் இருந்தது. ஓடைப் பக்கம் சிரட்டையால் மண் தோண்டி வளையமாக ஓர் அகழி வெட்டினேன். கொக்கோ காய்களைப் பொறுக்கி அதில் மிதக்க விட்டேன். கொக்கோ காயின் தோலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. அண்ணன் ஒருநாள் குளிக்க வந்தவன் அதற்குள் காலை விட்டான்.

"என்னாடி இது, குழியத் தோண்டி வச்சிருக்கே! கால் ஒடஞ்சா ஒங்கப்பன் எந்த நம்பர்ல வப்பாரு?"

"சொல்ல மாட்டேன். ரகசியம்."

"ரகசியமாம். கொக்கோ காய ஊறப்போடுற ரகசியம்."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை அப்பா பேக்கரியிலிருந்து கறிபணிஸ் வாங்கிக்கொண்டு வந்தார். மாதக் கடைசியில் அப்படி வாங்குகிறவர் இல்லை. முதல் பணிஸை அண்ணன் கையில் கொடுத்தார். சாப்பிட்டு முடிந்ததும்தான், "355 எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அண்ணன் விழித்தான். என்னைப் பார்த்தான். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றான்.

"முழுசா வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு வெளியே போய் முற்றத்தில் சும்மா நின்றார். அண்ணன் என் தலையில் குட்டிவிட்டு, மெதுவாக, "நீ எனக்கு ஒரு பணிஸ் கடன்" என்றான்.

இரண்டு மாதம் கழித்து நாவுலப் பக்கம் ஏதோ நடந்தது. தமிழ் இயக்கத்துப் பையன்கள் மின்மாற்றியைச் சேதப்படுத்தினார்கள் என்று பேச்சு. உண்மையில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது. அடுத்த நாட்களில் ஊருக்குள் இராணுவ வாகனங்கள் வந்தன. அவற்றில் ஒன்று நூல்நிலையத்துக்குப் போனது.

அங்கே நடந்ததை மிஸ் பல வருடங்களுக்குப் பிறகு எனக்குச் சொன்னார். வந்த அதிகாரி இளைஞர், பல்கலைக்கழகத்தில் படித்தவர், மரியாதையாகப் பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாது, தேவையும் படவில்லை. இலக்கங்களைச் சொன்னார். 355, 623, இன்னும் இரண்டு மூன்று. அந்த இறாக்கைகளில் உள்ள தமிழ்ப் புத்தகங்களை மட்டும் எடுக்கச் சொன்னார். ஒரே ஒரு புத்தகம்தான் வந்தது. அதன் அட்டையில் ஒரே ஒரு பெயர். வரைபடம் இருந்த பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"அது பழைய காலத்து அரசர்களின் கோட்டை, சேர்" என்றார் அப்பா, நல்ல சிங்களத்தில்.

"இந்த இலக்கத்தைக் கொடுத்தது யார்?"

"நான்தான், சேர்."

"இதற்கு என்ன அர்த்தம்?"

"இராணுவ விஞ்ஞானம், சேர்."

"பாருங்கள். நான் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்கிறீர்கள்." பிறகு அட்டையைக் காட்டி, "இது யார்?" என்றார்.

அந்த இடத்தில் அப்பா மௌனமாக இருந்திருக்கலாம் என்றார் மிஸ். பெயர் இருந்தது, விலாசம் தேட ஒரு நாளாவது எடுத்திருக்கும். ஆனால் அப்பா சற்று நிமிர்ந்து நின்றாராம். "என் மகன், சேர். வாசிக்கிற பிள்ளை."

வாசிக்கிற பிள்ளை என்றால் விட்டுவிடுவார்கள் என்று அவர் நினைத்தார். மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்தாராம். ஒழுங்காக எழுதிவைத்த பதிவால் யாருக்கும் கெடுதல் வராது என்று அவர்கள் இரண்டு பேரும் நம்பினார்கள்.

வாகனம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பகல் இரண்டு மணி இருக்கும். அப்பாவை நூல்நிலையத்திலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். கையில் சோற்றோடு எழுந்தான். முற்றத்தில் மிளகுச் சாக்குகளுக்கு நடுவே நிறுத்தி, பச்சைப் புத்தகத்தைக் காட்டினார்கள்.

"இதை நீ எடுத்தாயா?"

அண்ணன் புத்தகத்தைப் பார்த்தான். வாசலில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவன் எடுத்துக்கொண்ட கவனம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

"எடுத்தேன்."

"வாசித்தாயா?"

"வாசித்தேன்."

அதிகாரி வரைபடப் பக்கத்தைத் திறந்து, வளையத்தின் மேல் விரலை வைத்தார். "இது என்ன?"

அண்ணனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். முதலை என்ற ஒரு சொல். சிங்களத்திலும் எனக்கு அந்தச் சொல் தெரியும். வாயைத் திறந்தால் டிக்கெட்டைத் திருடியது தெரிந்து அப்பா அடிப்பாரே என்றுதான் அந்த நேரத்தில் பயந்தேன். என் வயதுக்காரர்களே, இதைவிடப் பெரிய காரணம் ஏதும் இருந்ததாக உங்களிடம் பொய் சொல்ல நான் விரும்பவில்லை.

"வாசித்தவனுக்குத் தெரியாதா?" என்றார் அதிகாரி.

நானா சரக்கறையிலிருந்து ஓடிவந்து, "நல்ல பிள்ள மாத்தயா, எங்க கண்ணுக்கு முன்னால வளர்ந்த பிள்ள" என்று சிங்களமும் தமிழுமாகச் சொன்னார். அம்மா உள்ளே ஓடி வெள்ளைச் சட்டையை எடுத்துவந்தார். "இதப் போட்டுக்கிட்டுப் போப்பா. டயர் அழுக்கோட போகாத. மரியாதையா இருந்தா மரியாதையா நடத்துவாங்க." அண்ணன் கையைக் கழுவி, சட்டையை மாற்றி, பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறினான்.

நாலரைக்கு வீட்டுக்கு வந்த அப்பாவிடம் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். "படத்தக் காட்டிக் கேட்டாங்க. புள்ளக்கி ஒண்ணுமே வாயில வரல" என்றார்.

"பயத்துல மறந்திருப்பான்" என்றார் அப்பா.

பதினொரு மாதம். அப்பாவும் நானாவும் கிழமைக்கு ஒருமுறை வெவ்வேறு தடுப்பு முகாம் வாசல்களில் போய் நின்றார்கள். இரண்டு தடவைதான் பார்க்க விட்டார்கள். நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று நினைப்பேன். நாள் போகப் போக, சொல்வதைவிட இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதுதான் பெரிய குற்றமாகிக்கொண்டு வந்தது.

மிஸ் இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அப்பா ஒன்று செய்தார், யாரும் சொல்லாமலே. இறாக்கைகளில் இருந்த தமிழ்ப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, படிக்குப் பக்கத்துக் கண்ணாடி அலுமாரிக்குக் கொண்டுவந்தார். 894.811 என்று நானூறு துண்டு தட்டச்சு செய்து, தான் கொடுத்த இலக்கத்தின் மேல் ஒட்டினார். மாட்டு நோய் மறுபடியும் இலக்கியமானது. பசை மணத்தோடு வீட்டுக்கு வருவார். அம்மா இலக்கங்களைப் பற்றிக் கேலி செய்வதை விட்டுவிட்டார். பச்சைப் புத்தகம் திரும்பி வரவேயில்லை.

அடுத்த மிளகுக் காலத்தில் அண்ணன் வந்தான். இடது காது கேட்காது. சுவரில் முதுகு படாமல் உட்கார மாட்டான். வெள்ளைச் சட்டை என்னவாயிற்று என்று அம்மா கேட்கவில்லை. அவன் வந்து ஒரு கிழமை நான் அவன் பக்கம் போகவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, பின்பக்கம் கொக்கோ மரத்தில் சாய்ந்து இருந்தவன் என்னைக் கூப்பிட்டான். வலது காதைத் திருப்பிக்கொண்டான்.

"அந்தப் படம். வளையம் வளையமா இருந்துச்சே. அது என்னாடி?"

"அகழி" என்றேன். "கோட்டையச் சுத்தித் தண்ணி. அதுல முதலை விடுவாங்களாம்."

"முதலையா?"

"பட்டினி போட்டு."

அவன் ஓடைப் பக்கம் பார்த்தான். நான் வெட்டிய பள்ளம் பாதி தூர்ந்து, காய்ந்த கொக்கோ காய்கள் இரண்டு கறுத்துப்போய் இன்னும் கிடந்தன.

"அந்தக் குழியா?"

தலையை ஆட்டினேன். எனக்கு அழுகை வந்தது. அவன் சிரிக்கத் தொடங்கினான். சத்தம் கூடிக்கொண்டே போனது. அழுகிறான் என்று நினைத்து அம்மா அகப்பையோடு ஓடிவந்தார்.

"நான் அது ஆமி கேம்ப்புன்னு சொல்லிட்டேன்டி" என்றான், மூச்சு வாங்க. "எந்தக் கேம்ப்புன்னு கேட்டாங்க. அவங்க சொன்ன கேம்ப்பெல்லாம் அதுதான்னு சொன்னேன்."

"அப்பாகிட்ட நான் சொல்லிடுறேன்" என்றேன். "நான்தான் எடுத்தேன்னு."

சிரிப்பு நின்றது. "என்னத்தச் சொல்லப் போற? அவரு மகன் ஒரு பொஸ்தகங்கூட வாசிக்கலன்னா?"

அதற்குள் அப்பா வந்துவிட்டார். குடையை மடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்பைக் கேட்டு, பின்பக்கம் வந்து நின்றார். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது.

"என்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லப்பா. நான் வாசிச்ச பொஸ்தகத்தப் பத்தி இவளுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். முதலை வருமே, அந்த எடம்."

அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓடையைப் பார்த்தார்.

"மூணாவது அத்தியாயம்" என்றார்.

"ஆமாப்பா. மூணாவது அத்தியாயம்."

அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கால் கழுவப் போனார்.